வருணமும் சாதியும்

உயர்தர வகுப்பிலே புறநானூறு பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த நாளொன்றில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சாதி எங்கள் சமயத்திலே உள்ளதா, அல்லது எங்கள் ஊரிலே உள்ளதா?" என்று வினவினான். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கல்வியைச் சிறப்பித்துப் பாடிய பாட்டு அன்றைய பாடம். தாழ்ந்ததெனப்பட்ட பிரிவிற் பிறந்தவனேயாயினும் கற்றவனை உயர்ந்தோரெனப்பட்டாரும் நாடிச் செல்வர் என்பது அம்மன்னன் கருத்து. வினாவுக்கு விடை கூறத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. "தம்பி, இதற்கு ஒரு பாடவேளை போதாது" என்று சொல்லி வகுப்பை விட்டு வெளியேறினேன்.

அவன் விளையாட்டாகக் கேட்டவன் அல்லன். அவனுடைய பூட்டனார் காலத்திலே அவன் குலத்துப் பிள்ளைகள் நம் நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் மற்றைப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர இயலாதிருந்தனர் என்பதை அவனும் அறிவான், யானும் அறிவேன். பழைய மாணவர் சங்கத்தார் இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டபோது, அன்று சொல்லாது விட்ட விடையை எழுதுவதே தக்கதெனத் துணிந்தேன். அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்த பொருள் இது. தமிழாசிரியன் ஒருவன் தன் வகுப்பறையில் நின்று சொல்லக் கூடிய அளவே ஈண்டுச் சொல்லப்படும்.

முதற்கண் இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். வருணம் என்பது ஒன்று. சாதி என்பது மற்றொன்று. வருணம் என்ற வடசொல்லுக்கு நிறம் என்பது பொருள். சாதி என்பது 'பிறத்தல்' எனப் பொருள்படும் வினையடியாகத் தோன்றியது. வருணங்கள் நான்கே, சாதிகளோ பாரத நாட்டில் ஆயிரக்கணக்கானவை. வருணம் நூலிலே வகுக்கப்பட்டது. சாதி ஊரிலே வாழ்வது. ஒருவன் எந்த வருணத்தான் என்று கேட்டால் அவன் சிந்தித்து விடை கூறுவான். எந்தச் சாதியான் என்று கேட்டால் சிந்தியாமலே கூறுவான், அல்லது கூற நாணுவான். தொல்காப்பிய மரபியலிலே சாதி என்னும் சொல் நீரில் வாழும் உயிர்களின் இனத்தைக் குறித்தே வந்துள்ளது என்பதையும் மாணவர் நினைவிற் கொள்ளலாம். மக்களைப் பிரிக்கும் சொல்லாக அது பின்னர்த் தமிழில் வேரூன்றியது.

இனி, வேதம் என்ன கூறுகின்றது? இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்துத் தொண்ணூறாம் பதிகம் புருட சூக்தம் எனப்படும். அப்பெரு நூல் முழுவதிலும் நான்கு பிரிவினரும் ஒருங்கே பெயர் சொல்லப்படும் இடம் அஃதொன்றே. சூத்திரர் என்ற சொல்லும் வைசியர் என்ற சொல்லும் இருக்கு வேதத்திலே பிறிதோரிடத்தும் வரக் காணோம். அப்பதிகம் வேதத்துட் பிற்பட்ட பகுதியைச் சேர்ந்தது என்பது மொழிநூலார் பலரின் முடிபு. ஏனைய பகுதிகளில் வருணம் என்ற சொல், ஆரியர், தாசர் என்ற இரு கூட்டத்தாரைச் சுட்டவே பெரும்பாலும் வழங்கிற்று.

அப்பதிகம் உருவகமாக அமைந்தது. பரம்புருடனை வேள்விப் பொருளாக்கித் தேவர் வேட்டபோது அவன் முகம் பிராமணனாயிற்று, தோள்கள் அரசனாயின, தொடைகள் வைசியனாயின, பாதங்களினின்று சூத்திரன் தோன்றினான் என்கிறது. காலிற் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று இதற்குப் பொருள் விரிப்பார் அடுத்த மந்திரத்தையும் அதற்கடுத்ததையும் நோக்குவதில்லை. அப்புருடனுடைய மனத்திலிருந்து திங்களும், கண்ணிலிருந்து ஞாயிறும், அதே பாதங்களினின்று இப்பூமியும் தோன்றின என்று அங்கே சொல்லப்படுகின்றது. பூமியைத் தீண்டத்தகாதது என்பார் எவருமிலர். யார் யாரை மணக்கலாம், யார் வீட்டில் யார் உண்ணலாம், எக்கிணற்றில் யார் நீர் அள்ளலாம் என்பன பற்றி அப்பதிகத்தில் ஒரு சொல்லேனும் இல்லை. நாம் சாதி என்று சொல்வதோ பெரும்பாலும் இம்மூன்றுமே.

உபநிடதங்களுக்கு வருவோம். சாந்தோக்கியத்திலே சத்தியகாமன் வரலாறு உள்ளது. ஆசிரியரை நாடிச் செல்லப் புறப்பட்ட அச்சிறுவன் தன் கோத்திரம் யாதெனத் தாயை வினவினான். இளமையிற் பல இடங்களிற் பணி செய்து திரிந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், கோத்திரம் அறியேன், என் பெயர் சபாலை, ஆகவே சத்தியகாம சாபாலன் என்று சொல் என்றாள் அவள். அவ்வாறே அவன் சொல்ல, கௌதமர் அவனை மாணாக்கனாக ஏற்றார். வாய்மையினின்று வழுவாதவனே பிராமணன் என்பது அவர் கொண்ட முடிபு. மெலிந்த பசுக்கள் நானூற்றை அவனிடம் ஒப்புவித்து மேய்த்து வரச் செய்ததும், அவை ஆயிரமாகப் பெருகும் வரை திரும்பேன் என்று அவன் காடு சென்றதும் படித்து இன்புறத் தக்கவை. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறையாயினும் இவ்வரலாற்றைப் படித்தல் நன்று.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுதல் வழக்கறிஞர்க்கு ஆகும், ஆசிரியனுக்கு ஆகாது. அதே சாந்தோக்கியத்தின் அடுத்த அத்தியாயத்திலே, தீவினை செய்தோர் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளனாகவோ பிறப்பர் என்றும் கூறப்பட்டுள்ளது. சத்தியகாமனைப் போற்றிய அதே நூல் ஒரு மனிதக் கூட்டத்தை விலங்குகளோடு வைத்து எண்ணியதை மறைத்தல் நேர்மையாகாது. பகவத் கீதை நான்காம் அத்தியாயத்தில் வருணங்கள் குணத்தையும் தொழிலையும் பற்றி வகுக்கப்பட்டன என்கிறது. குணமென்பது பிறப்போடு வருவதா, பயிற்சியால் வருவதா என்று உரையாசிரியர் பல்லாற்றானும் வழக்கிட்டனர். மகாபாரத வனபருவத்தில் மலைப்பாம்பாய்க் கிடந்த நகுடன் பிராமணன் யாவன் என்று வினவ, வாய்மை, ஈகை, பொறுமை முதலியன எவனிடம் உளவோ அவனே பிராமணன், அவை சூத்திரனிடம் இருப்பின் அவன் சூத்திரன் அல்லன் என்று தருமபுத்திரர் விடையிறுக்கின்றார். அப்பருவத்திலேயே மிதிலை நகரத்து இறைச்சி வாணிகன் ஒருவன் செருக்குற்ற வேதியனுக்கு அறம் உரைக்கின்றான். இவையும் நம் நூல்களே. மனு தருமமும் நம் நூலே.

மனு நூல் கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டுக்கும் பின் மூன்றாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென்பர். நான்கு வருணமே உண்டு, ஐந்தாவது இல்லை என்று அதன் பத்தாம் அத்தியாயம் திட்டமாகக் கூறுகின்றது. ஆயின் மனுவின் கண்முன்னே நான்கல்ல, எண்ணிறந்த கூட்டங்கள் இருந்தன. அவற்றை என் செய்வது? வருணங்கள் தம்முட் கலந்து மணந்ததால் அவை பிறந்தன என்று அவர் கணக்கு எழுதினார். தச்சனும் மீன்பிடிப்போனும் வேடனும் இன்னின்ன கலப்பிற் பிறந்தோர் என ஒவ்வொரு தொழிலாளர் கூட்டத்துக்கும் ஒரு கலப்பு மணத்தைக் கற்பித்தார். கணக்கை முன்னே எழுதிவிட்டு வரவை அதற்கேற்பத் திருத்தும் கணக்கப்பிள்ளையின் செயலை இது ஒக்கும். சண்டாளனை ஊருக்குப் புறத்தே இருத்தி, உடைந்த கலத்தில் உண்ணவும் இரும்பணி பூணவும் விதித்ததும் இந்நூலே. இதனை மூடி மறைத்து நம் சமயத்தைக் காத்துவிடலாமென எண்ணுவோர் உளர். மூடியதைத் திறக்கத் தெரிந்த மாணவர் இப்போது வகுப்பில் இருக்கின்றனர்.

இதே அத்தியாயத்தில் நம்மவர் பலர் அறியாத செய்தியொன்றும் உண்டு. சோடரும் திராவிடரும் முன்னாளிற் சத்திரியராய் இருந்து, கிரியைகளைக் கைவிட்டமையால் தாழ்ந்தோர் ஆயினர் என்று மனு எழுதுகின்றார். யவனரும் சகரும் சீனரும் அதே வரிசையில் நிற்கின்றனர். அந்நூலைக் கையிலேந்தி அயலவனைத் தாழ்த்த முற்படும் தமிழன், அந்நூலின்படி தான் நிற்கும் இடம் எதுவென ஒருமுறை பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

அவ்வாறாயின் சாதி எவ்வாறு தோன்றிற்று? இதற்கு ஒரே விடை இல்லை. தொழில், குடியேற்றம், பழங்குடி மரபு, அரசாணை, நில உரிமை எனக் காரணங்கள் பல. ஆயினும் சாதியைச் சாதியாக நிலைநிறுத்துவது எது என்ற வினாவுக்குத் தெளிந்த விடையொன்று உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1916 ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயது இளைஞராய் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்து, ஒரு கட்டுரை வாசித்தார். தன் கூட்டத்துக்குள்ளேயே மணஞ் செய்தல் என்ற வேலியே சாதியின் உயிர். தொழிலும் உணவு விலக்கும் அதன் உறுப்புக்கள் என்பது அக்கட்டுரையின் சாரம்.

அவ்வேலி எப்போது இடப்பட்டது என்பதற்கு அண்மைக்கால உயிரியல் ஒரு சான்று தந்துள்ளது. ஐதராபாத்து ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் கூடிப் பாரத நாட்டுப் பல கூட்டத்தாரின் மரபணுக்களை ஆராய்ந்து 2013 ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன் வரை அந்நாட்டு மக்கள், உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னாது, பரவலாகத் தம்முட் கலந்தனர் என்றும், அதன் பின்னரே கலப்பு அருகிப் போயிற்று என்றும் அவர் கண்டனர். புருட சூக்தம் பாடப்பட்டது இக்கலப்புக் காலத்தின் நடுவே. வேலி அடைபட்டது மனு நூல் எழுந்த காலத்தை ஒட்டி. வருணம் பாடப்பட்டபோது சாதி பூட்டப்படவில்லை. என் மாணவன் வினாவுக்கு இதனினும் நேரான விடை எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

தமிழ் நாட்டு நிலையும் இதற்கு மாறானதன்று. சங்கச் செய்யுட்களிலே மக்கள் குறவர், ஆயர், உழவர், பரதவர் என நிலம் பற்றியும் தொழில் பற்றியும் பெயர் பெற்றனர். மாங்குடி கிழார் பாடிய புறப்பாட்டொன்றில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்போர் சிறந்த குடியினராக எண்ணப்படுகின்றனர். அவருள் ஒருவர் பெயர் பிற்காலத்து எந்நிலைக்குத் தள்ளப்பட்டது என்பதை எண்ணும்போது தமிழாசிரியனுக்குப் பாடஞ் சொல்ல நா எழுவதில்லை. தொல்காப்பிய மரபியலில் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் பற்றி வரும் சூத்திரங்களை இடைச்செருகல் என்பாரும் உளர், அல்லவென்பாரும் உளர். இழிந்தோர் என்ற எண்ணம் சங்க காலத்தில் அறவே இருந்ததில்லை என்று கூறுவதும் மிகை. இழிசினன், புலையன் என்ற சொற்கள் அச்செய்யுட்களிலேயே வருகின்றன. வள்ளுவரோ பிறப்பில் எல்லா உயிரும் ஒப்பன என்றும், சிறப்பு வேறுபடுவது செய்தொழில் வேற்றுமையால் என்றும் வரையறுத்துவிட்டார்.

சோழர் காலத்திலே சாதி வரிசை அரசாணைக்கு உட்பட்டிருந்தமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. கொங்கு நாட்டுக் கம்மாளர்க்கு, நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், காலுக்குச் செருப்பணியவும், வீட்டுக்குச் சாந்து பூசவும் மன்னன் உரிமை வழங்கியிருக்கின்றான். மன்னன் ஓலையினாற் கொடுக்கக்கூடிய செருப்பு, அதற்கு முன் யாராலோ மறுக்கப்பட்டிருந்த செருப்பே அன்றோ? வேதம் மறுத்திருப்பின் மன்னன் ஓலை செல்லாது.

சைவ சமயத்தை எடுத்துக்கொள்வோம். உயிருக்குச் சாதி இல்லை, உடம்பைச் சார்ந்த வேற்றுமைகள் உயிரைத் தீண்டா என்பது நம் சித்தாந்தம். திருநீலநக்கர் என்ற அந்தணர் இல்லத்துக்குச் சம்பந்தப்பிள்ளையார் எழுந்தருளியபோது, உடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும் தங்க இடம் கேட்டார். வேள்வித் தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்திலே இடம் கொடுக்கப்பட்டது. அத்தீ முன்னிலும் நன்றாய் வலஞ்சுழித்து எழுந்தது என்கிறார் சேக்கிழார். அந்தணர் குலத்து அப்பூதியடிகள் வேளாளராகிய நாவுக்கரசரைக் குருவாய்க் கொண்டு, பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தருக்கும் அவர் பெயரே இட்டார்.

ஆயின் நந்தனார்? வகுப்பிலே திருநாளைப்போவார் புராணம் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை, "ஏன் ஐயா அவர் மட்டும் நெருப்பிலே இறங்க வேண்டும்?" என்று கேட்பதுண்டு. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் நந்தனாரின் பெயரையே சொல்லி அடியேன் என்கிறார். தீப்பற்றி அங்கே பேச்சில்லை. சேக்கிழார் புராணத்தில் திருப்புன்கூரில் நந்தி விலகியது. தில்லையிலோ அவர் தீயில் மூழ்கி, முப்புரிநூலும் சடையுமாய் எழுந்து உள்ளே சென்றார். அடியாரை வருத்தும் வேதியப் பண்ணையார் சேக்கிழாரிடத்தில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையில் வந்து சேர்ந்தவர். தீயென்பது ஞானாக்கினி எனப் பொருள் விரிப்போர் உளர். யான் அவ்வாறு சொல்லித் தப்புவதில்லை. திருப்புன்கூரில் கல்லாலான நந்தி விலகிற்று, தில்லையில் மனிதர் விலகவில்லை என்பதே யான் பிள்ளைகளுக்குச் சொல்லும் விடை.

இனி நமது ஊர். நூலார் வகுத்த நான்கனுள் நடு இரண்டும் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய வெறுமையாய்க் கிடக்கின்றன. அந்தணர் எண்ணிக்கையிற் சிலர். கோயிற் பணியாற் சீவிப்போர். அவர்க்குச் சம்பளம் கொடுப்போர் நிலமுடைய வேளாளர். மிருதி நூல்களின்படி வேளாளர் நான்காம் வருணத்தார். 'சற்சூத்திரர்' என்ற சொல்லாற் சைவ நூலார் அவர்க்கு உயர்வு தேடினர் என்பது வேறு கதை. ஆகவே நமது சாதி வரிசை வேதத்தைப் பார்த்து எழுதியது அன்று; காணி உறுதியைப் பார்த்து எழுதியது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தேசவழமையைத் தொகுத்துப் பன்னிரு முதலியார்களிடம் காட்டி உடன்பாடு பெற்றார். முதுசம், சீதனம் பற்றிய விதிகளோடு, கோவியர், நளவர், பள்ளர் முதலியோரை அடிமைகளாக வைத்து ஆளும் விதிகளும் அதில் எழுதப்பட்டன. அடிமை முறை இலங்கையில் 1844 இல் முற்றாக ஒழிக்கப்பட்டது. சட்டத்தால் அடிமைகள் ஒழிந்தனர். 'அடிமை குடிமை' என்ற சொல் வழக்கு ஒழிய மறுத்தது. நான்கே உண்டு, ஐந்தாவது இல்லை என மனுவே சொல்லியிருக்கவும், நாம் 'பஞ்சமர்' என ஐந்தாமவரைப் படைத்துக்கொண்டோம்.

ஆறுமுக நாவலர் பெருமானைப் பற்றியும் இங்கே மறையாது சொல்லவேண்டும். சைவத்துக்கும் தமிழ் உரைநடைக்கும் அவர் செய்த தொண்டுக்கு நாமெல்லாம் கடமைப்பட்டவர். எனினும் சாதியாசாரத்தை அவர் விட்டவர் அல்லர். அவர் எழுதிய உரைநடையைப் போற்றிப் பயிலுதலும், இவ்வொரு விடயத்தில் அவரைப் பின்பற்றாமையும் ஒருங்கே இயலும் என்பது என் துணிபு.

1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசு, பின்னர் வாலிபர் காங்கிரசு எனப் பெயர் பெற்றுத் தீண்டாமை ஒழிப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. ஆசிரியராகிய ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னோடிகளுள் ஒருவர். பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராய் விளங்கியவர். 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவரும் அவ்வாலிபரே. 1929 ஆம் ஆண்டளவில் அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கல் வேண்டுமெனப் பணிக்கப்பட்டது. அதுவரை மணலிலும் தரையிலும் இருந்த பிள்ளை வாங்கில் ஏறி இருத்தல் என்பதே அதன் பொருள். அதனைப் பொறாதார் தம் பிள்ளைகளை மறித்தனர். பாடசாலைகள் சில தீக்கிரையாயின. வாங்கு என்பது நான்கு கால் உடைய பலகை. அதன் பொருட்டு ஏடும் எழுத்தும் இருந்த கொட்டில் எரிந்தது.

சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல், அவ்வாண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிற்று. பாடசாலை, தேநீர்க்கடை, பொதுக்கிணறு, கோயில் ஆகியவற்றிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று. அதன் பின்னும் பதினோராண்டு கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே செல்ல வந்தோரும் மறித்து நின்றோரும் எதிரெதிரே இருந்தனர். மறித்தோர் காட்டிய சான்று வழமை. அங்கெழுந்த வழக்கொன்று பிரித்தானியக் கோமறைக் கழகம் வரை சென்று 1971 இல் விசாரிக்கப்பட்டது. சூரபன்மனை மயிலாகவும் சேவலாகவும் ஏற்றுக்கொண்ட பெருமானின் வாயில் அது என்பதை இரு திறத்தாரும் அறிந்தே இருந்தனர்.

மறுநாள் வகுப்பில் இவற்றுட் சிலவற்றைச் சுருக்கிச் சொன்னேன். வினவிய மாணவன் குறிப்பெடுத்துக்கொண்டான். பின்வாங்கிலிருந்த மற்றொருவன், "அப்படியானால் இப்போது அது எங்கே ஐயா இருக்கின்றது? வாங்கிலும் இல்லை, கடையிலும் இல்லையே" என்றான். அன்று ஆசிரியர் அறையிற் கிடந்த ஞாயிறு வாரப் பத்திரிகையை எடுத்துவரச் செய்து, மணமக்கள் தேவை என்ற பகுதியை விரித்து, கரும்பலகையிலே இரு நிரல் வரையச் சொன்னேன். கல்வி, தொழில், வயது, செவ்வாய்த் தோஷம் ஆகியவற்றைச் சொல்லிய விளம்பரங்கள் ஒரு நிரலில். இவற்றோடு குலத்தையும் சொல்லியவை மறு நிரலில். கொழும்பிலிருந்து வந்தவையும் இருந்தன, இலண்டனிலிருந்தும் தொராண்டோவிலிருந்தும் வந்தவையும் இருந்தன. கோடு கிழித்துக் கொண்டிருந்தவன் சிறிது நேரத்தில் வெண்கட்டி தீர்ந்துவிட்டது ஐயா என்றான். இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன்.